நீலக்கண் நாய்க்கு ஒரு தொட்டி

அது நாய்தானா என்று கேட்காமல் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனவர் யாருமில்லை. கேட்டால்கூடப் பரவாயில்லை, கேட்டுவிட்டு நின்று சிரிப்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "நாயி இல்ல, உன் மாமியாரு. உள்ள வந்து கும்புட்டுட்டுப் போ" என்பேன். என் வாய் அப்படி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்த வாயை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் கேட்டதிலும் ஒரு நியாயம் உண்டு. உடம்பெல்லாம் இரண்டு அடுக்கு முடி. மேலே சாம்பலும் கறுப்பும், விரலை விட்டு விலக்கினால் உள்ளே இலவம் பஞ்சு மாதிரி வெள்ளை. வால் முதுகின்மேல் சுருண்டு கிடக்கும். இவ்வளவு பெரிய உடம்புக்குக் கீழே நம் தெருநாயின் குச்சிக் கால்கள். ஒரு கண் பழுப்பு, இன்னொன்று நீலம். துணி அலசுகிற வாளியில் சொட்டு நீலம் கலந்ததும் ஒரு நிறம் வருமே, அந்த நீலம்.

என் கணவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் காண்டிராக்ட் வேலை பார்க்கிறார். பக்கத்துக் கம்பெனியின் கேட்டில் ஒரு பெட்டை நாய் இருந்தது, செக்யூரிட்டிக்காரர்கள் போடும் சோற்றில் வளர்ந்தது. அந்தக் கம்பெனிக்கு வடக்கேயிருந்து வந்த பெரிய ஆபீசர் ஒருவர் ஹஸ்கி நாய் வைத்திருந்தார். பனிக்கட்டியில் வண்டி இழுக்கிற சாதி நாயாம் அது. இங்கே எதை இழுக்கும்? எந்நேரமும் ஏசி அறையில் கிடந்தது. ஒருநாள் சங்கிலியை உருவிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டது. பிறகு ஆபீசருக்கு மாற்றல் வந்தது, தன் நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். குட்டிகள் கேட்டில் கிடந்தன. லாரிகள் பின்வாங்கித் திரும்புகிற இடம் அது. ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. அதை என் கணவர் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னாய்யா இது? சோறு எடுத்துக்கினு போன பையில நாயப் போட்டு எடுத்தாந்துகீற?" என்று கத்தினேன்.

"உட்டுட்டு வர மனசு வரல மே. அந்தக் கண்ணக் கொஞ்சம் பாரு" என்றார்.

பார்த்தேன். அதோடு முடிந்தது என் அதட்டல். எங்களுக்கு ஒரே மகள், அப்போது இரண்டாம் வகுப்பு. அவள் அதற்கு ஒரு பெயர் வைத்தாள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நானே ஒருமுறை கூப்பிட்டது மாதிரி ஆகிவிடும்.

நம் ஊர் நாய் குரைக்கும். இது குரைக்கவே குரைக்காது. தலையைத் தூக்கி, வாயைக் குவித்து ஊளையிடும். தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறும்போது ஊதுகிற சங்குக்குப் பதில் சொல்வதுபோல அதே சுருதியில் இழுக்கும். சங்கு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் இதன் குரல் நிற்காது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் சேர்ந்து ஊளையிடுவாள். எனக்குச் சிரிப்புத் தாங்காது.

எதிர்வீட்டு அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. நெல் விளைகிற சொந்த நிலம் உள்ள வீடு. தெருவில் அவள் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. "சாவு உளுறதுக்குத்தான்டி நாயி ஊளை உடும். இது வேளாவேளைக்கு உடுது. தெருவே காலியாயிடப் போவுது பாரு" என்றாள்.

"அப்படின்னா மொதல்ல உங்க ஊட்டுலருந்து ஆரம்பிக்கட்டும்க்கா" என்றேன்.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் மறுநாளே ஜாக்கெட் துணியோடு வந்து நின்றாள். எங்கள் சண்டை அவ்வளவுதான். அவளுக்கு அளவு எடுக்காமலே தைக்கத் தெரிந்தவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதானே.

நாய்க்குப் பிரச்சினை ஊர் வாய் இல்லை. வெயில். எங்கள் பக்கத்து வெயில் சும்மா வெயில் இல்லை, ஆலைகளின் சூட்டையும் சேர்த்துக்கொண்டு வரும். சித்திரை பிறந்ததும் நாய்க்கு நரகம் தொடங்கியது. நாக்கு தரையைத் தொடும். வயிறு துருத்தி மாதிரி அடித்துக்கொள்ளும். என் மிஷினுக்கு அடியில், சிமெண்டுத் தரை கொஞ்சம் சில்லென்று இருக்கும் இடத்தில் வந்து பொத்தென்று விழும். அது அந்தக் கம்பளியைக் கழற்றி எங்கே வைக்கும், பாவம்!

"உன் கத்திரிக்கோலால முடிய வெட்டி உடும்மா" என்று மகள் கெஞ்சினாள். என் கத்திரிக்கோல் துணியைத் தவிர எதையும் தொடாது. காகிதத்தை வெட்டினால்கூடக் கூர் போய்விடும். அவள் பள்ளிக்கூட வேலைக்குக்கூட அதைத் தர மாட்டேன். அதனால் வேறொரு பழைய கத்திரியை எடுத்து முதுகில் கொஞ்சம் கத்தரித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் வெயில் பட்டுத் தோல் சிவந்து கொப்புளித்துவிட்டது. அந்த முடிதான் அதற்கு நிழலும் என்று அப்போதுதான் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

பிறகு நாய் தானாகவே வழி கண்டுபிடித்தது. கொல்லையில் புங்க மரத்தடியில் மண்ணைப் பறித்து, ஈரம் தட்டியதும் அதில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. என் கணவர் அந்தக் குழியை இன்னும் ஆழப்படுத்தி, "இதுல தண்ணி நின்னா எப்படி இருக்கும்?" என்றார். தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் எங்கள் ஊரில் வேறு யோசனையே கிடையாது. வெள்ளைப் பைதான்.

தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்தப் பை இல்லாத வீடு இல்லை. ஒரு டன் சரக்குப் பிடிக்கும், நாலு மூலையிலும் நாலு காது வைத்த பெரிய பை. கம்பெனிகளுக்கு அதில்தான் சரக்கு வரும், போகும். காலியானதும் ரோட்டோரப் பழைய சாமான் கடைகளுக்கு வந்துவிடும். நாங்கள் வாங்கிவந்து கூரைக்கு மேலே போர்த்துவோம், மாட்டுக் கொட்டகைக்கு மறைப்புக் கட்டுவோம், நெல் காய வைப்போம், வடகம் பிழிவோம், வீட்டு விசேஷத்துக்கு விரித்துப் பந்தியும் போடுவோம். வாங்கும்போது பார்ப்பதெல்லாம் இரண்டே விஷயம்தான். கிழிசல் இருக்கிறதா, நாலு காதும் இருக்கிறதா.

என் கணவர் வாங்கிவந்தது நல்ல பை. உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறையும் இருந்தது. தையல் ஓரங்களில் சாம்பலும் மஞ்சளுமாக மாவு அடைந்திருந்தது. "சிமெண்டு கணக்கா கீது" என்றார். நான் தண்ணீர் ஊற்றி ஒருமுறை அலசினேன். பால் மாதிரி வந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். பையைக் குழிக்குள் இறக்கி, ஓரத்தில் செங்கல் அடுக்கித் தண்ணீர் விட்டோம். நாய் ஒருமுறை முகர்ந்து பார்த்தது. உள்ளே இறங்கியது. கழுத்து வரைக்கும் அமிழ்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், என் பெண்ணைப் பெற்றுத் தாய்வீட்டில் முதன்முதலாகக் குளிப்பாட்டிய நாள் கூட எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்தக் கோடை முழுக்க அது தொட்டியில்தான் கிடந்தது. அதிலேயே படுத்து, தாகம் எடுத்தால் அதிலேயே குடித்து, சங்கு ஊதினால் தொட்டிக்குள்ளிருந்தே ஊளையிட்டது. மகளுக்கு லீவு. அவளும் செங்கல்மேல் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, ஈரக் கையாலேயே வேர்க்கடலை உரித்துத் தின்பாள். நான் மிஷினிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தைப்பேன்.

கோடை முடியும் சமயம் நாய் சோற்றைத் தள்ளிவிட்டது. கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாந்தி எடுத்தது. வயிற்றைத் தொட்டால் முனகியது. மாட்டு மருந்துக் கடைக்காரர் பூச்சி மருந்து கொடுத்தார். கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. இளைத்துக்கொண்டே வந்தது. முடி இருந்ததால் வெளியே தெரியவில்லை, கையை வைத்தால் எலும்புதான் தட்டுப்பட்டது. அப்போதும் தொட்டியை விட்டு வரவில்லை. உடம்பு முடியாத பிள்ளைக்கு இதமாக இருக்கட்டும் என்று நான் தினமும் குளிர்ந்த தண்ணீராகப் பார்த்து ஊற்றினேன்.

பிறகு வலிப்பு வந்தது. ஒருநாள் காலையில் நாய் தொட்டியிலிருந்து துள்ளி வெளியே விழுந்தது. தாடை தானாக மென்றது, கடகடவென்று பல் அடித்துக்கொண்டது. வாயில் நுரை. கால்கள் நாலும் விறைத்து உதைத்தன. கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அடங்கினதும் எழுந்து, எங்கே போகிறோம் என்று தெரியாமல் தெருவுக்கு ஓடியது. குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு அலறினார்கள். அது யாரையும் கடிக்கவில்லை. எதிர்வீட்டுச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து குளியலறையில் விட்டுத் தாழ் போட்டேன்.

அரை மணியில் தெருவே எங்கள் வாசலில் நின்றது. கையில் தடி. முன்னால் எதிர்வீட்டு அக்கா.

"வெறி புடிச்சிகிச்சி. அத்த வெளிய உடு. பசங்க நடமாடுற தெரு இது" என்றாள்.

"வெறிநாய் ஊசி போட்டுகீதுக்கா. போன கார்த்திகைலகூடப் போட்டோம்" என்றேன்.

கூட்டத்திலிருந்த ஒருவர், "அந்த ஊசி நம்ம நாட்டு நாயிக்கு மே. இது இன்னா சாதின்னே தெரியல, இதுக்கு எப்படிப் புடிக்கும்?" என்றார். எல்லோரும் அதுதானே என்று தலையாட்டினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என்ன பேச்சு இது! ஆனால் தடியோடு நிற்கிறவர்களிடம் என்ன வழக்காடுவது?

என் கணவர் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். "நாளைக்குக் காலையில மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். வெறின்னு டாக்டர் சொல்லிட்டா நானே முடிச்சிட்டு வரேன். அதுவரைக்கும் இந்தக் கதவத் தொட உடமாட்டேன்" என்றார்.

"அது யாரையாச்சும் கடிச்சா?" என்றாள் அக்கா.

"கடிக்கிறதுன்னா மொதல்ல என்னத்தான் கடிக்கும். இங்கதான் உக்காந்துகீறேன்."

பேசிப் பேசி, காலை வரை தவணை கொடுத்துவிட்டுக் கலைந்தார்கள். மகள் குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கதவிடுக்கில் விரலை விட்டுக்கொண்டிருந்தாள். பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டி வலம் வருவதாக வேண்டிக்கொண்டாள். "எனக்கில்லம்மா, நாயிக்கு" என்றாள். நாய்க்கு உயிர் கிடைத்தால் போதும், ஊரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அன்று எனக்கும் இருந்தது. அதைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

நாயை ஏற்ற எந்த ஆட்டோக்காரரும் ஒத்துக்கொள்ளவில்லை. என் கணவரோடு வேலை செய்கிறவர் ஒருவருக்குப் பழவேற்காடு பக்கத்து மீனவர் குப்பம்தான் சொந்த ஊர். அவர் தம்பி மீன் வண்டி ஓட்டுகிறார். விடியும் நேரத்தில் மீனோடு சென்னைக்குப் போகிற வண்டியில் எங்களையும் ஏற்றிக்கொண்டார். நாயை ஐஸ் பெட்டிகளுக்கு மேலே கோணி போட்டுப் படுக்க வைத்தோம். அது மெல்லத் தலையைத் திருப்பி, கோணியோரம் கசிந்த ஐஸை நக்கியது. பிறகு உடம்பு முழுவதையும் அதன்மேல் பரப்பிக்கொண்டு வாலை ஒருமுறை தட்டியது. பிறந்ததிலிருந்து அது தேடிக்கொண்டிருந்த இடம் அதுதான் போலும். பொன்னேரி தாண்டுகிற வரைக்கும் நானும் அதன் காதைத் தடவிக்கொண்டே வந்தேன்.

சென்னையில் கால்நடை ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். பயப்படாமல் வாயைத் திறந்து பார்த்தார், ஈறுகளைப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். "எந்த ஊர்லேர்ந்து வரீங்கம்மா?" என்றார்.

"கும்மிடிப்பூண்டி பக்கம் டாக்டர்."

அவர் நிமிர்ந்தார். "இது எங்க படுக்கும்? தண்ணி எதுல வைப்பீங்க?"

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. தடியோடு வந்தவர்களிடம் சொல்ல முடியாததை எல்லாம் அவரிடம் சொன்னேன். வெயில் தாங்காததை, முடி வெட்டித் தோல் பொத்துப்போனதை, புங்க மரத்தடியில் குழியெடுத்து வெள்ளைப் பையை விரித்துத் தொட்டி கட்டினதை, தினமும் புதுத் தண்ணீர் ஊற்றினதை. ஊரில் எந்த நாயையும் யாரும் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று பெருமையாகவே சொன்னேன்.

"அந்தப் பையில முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "பைதான் டாக்டர். காலிப் பை. காது நாலும் நல்லா இருந்துச்சி" என்றார் அவர்.

டாக்டர் ரத்தம் எடுத்தார். எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். பிறகு வந்து சொன்னார். வெறி இல்லை. ஈயம். பழைய பேட்டரிகளை உருக்குகிற இடத்துச் சரக்கு அந்தப் பையில் வந்திருக்க வேண்டும். மடிப்பில் இருந்த தூளெல்லாம் தண்ணீரில் இறங்க இறங்க, நாய் அதையேதான் இவ்வளவு நாளும் குடித்திருக்கிறது. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தால் உறுதியாகத் தெரியும், ஆனால் அவருக்குச் சந்தேகம் இல்லை.

"பொழைக்குமா டாக்டர்?"

"மருந்து போட்டுப் பார்க்கலாம்மா. ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க." அப்புறம் மெதுவாகக் கேட்டார், "வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா? அந்தத் தொட்டிகிட்ட போவாங்களா?"

செங்கல்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, ஈரக் கையால் கடலை தின்கிற என் மகள் கண்முன்னால் வந்தாள். எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் என்னுடையது. என் கணவர்தான், "போவா" என்றார்.

நாய்க்கு ஊசிகள் போட்டார்கள், டிரிப் ஏற்றினார்கள். சில நாள் அங்கே வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வெறி இல்லை என்று தெருவில் சொன்னோம். தடியைக் கீழே போட்டார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள். வலிப்பு நின்றது. ஆனால் பார்வை போய்விட்டது. நீலக் கண்ணும் பழுப்புக் கண்ணும் ஒன்றுபோல எங்கோ பார்த்தன. தொட்டி இருந்த இடத்துக்கே தட்டுத் தடுமாறிப் போய், மூடிய மண்ணைக் காலால் சுரண்டிக்கொண்டு நிற்கும். பையை எடுத்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடியாயிற்று. தன் தொட்டியை ஏன் பிடுங்கிக்கொண்டோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு மிஷினுக்கு அடியில் படுக்க வைப்பேன். சங்கு ஊதும்போது காது மட்டும் நிமிரும். குரல் வராது.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் ஷிப்ட் சங்கு ஊதியது. நாய் தலையைத் தூக்கியது, வாயைக் குவித்தது. சத்தம் எதுவும் வரவில்லை. தலையை என் பாதத்தின்மேல் வைத்தது. மிஷின் மிதியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாதத்தில் பட்ட மூச்சு நின்றுபோனதும் ஓவென்று அழுதேன். எதிர்வீட்டு அக்காகூட ஓடிவந்தாள். "போனா போவுது உடுடி, நாயிதான" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது. என் பழைய நூல் புடவையில் சுற்றி, ஏரிக்கரை மேட்டில் புதைத்துவிட்டு வந்தோம்.

அதற்குள் மகளின் ரத்தத்தையும் சோதித்தாயிற்று. அவளுக்கும் இருக்கிறது. நாய்க்கு இருந்த அளவு இல்லை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், முட்டை, கீரை, பால் கொடுங்கள், கையைக் கழுவ வையுங்கள், அந்தத் தூள் இனி உடம்புக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் குழந்தைகள் டாக்டர். போனதெல்லாம் திரும்பிவிடுமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றுதான் மறுபடியும் சொன்னார். அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. பிள்ளை வாய்ப்பாட்டில் ஒரு வரியை மறந்தால் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்கிறேன். சோறு வேண்டாமென்றால், தலை வலிக்கிறதென்றால், சும்மா முறைத்துக்கொண்டு அடம் பிடித்தால்கூட, இது எல்லாப் பிள்ளைகளும் செய்வதா, அந்தத் தண்ணீர் செய்வதா என்று அவள் முகத்தையே பார்க்கிறேன். அவளுக்கு எரிச்சல் வந்து, "இன்னாம்மா பாக்குற?" என்கிறாள்.

பழைய சாமான் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "எந்தக் கம்பெனிப் பைன்னு எனக்கு இன்னா தெரியும்? வண்டில வருது, எறக்குறேன். நீங்கதான காது பாத்து வாங்கினு போனீங்க?" என்றார். ஊரில் வீடு வீடாகச் சொன்னேன். நாய் செத்த துக்கத்தில் பேசுகிறாள் என்று மோர் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பையை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. எரிக்கக் கூடாது, புகையில் பரவும். புதைக்கக் கூடாது, கிணற்றுக்கு இறங்கும். யாருக்கும் கொடுக்கவும் கூடாது. யாரிடம் திருப்பிக் கொடுப்பது? பிளாஸ்டிக் டிரம்முக்குள் திணித்து மூடி போட்டுக் கொல்லை மூலையில் வைத்திருந்தேன்.

சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்பு முடிந்து, மழை வந்துவிடும் போல வானம் இருந்த நாளில் எதிர்வீட்டு அக்கா அவசரமாக வந்தாள்.

"ஏன்டி, அந்த நாயித் தொட்டிப் பை சொம்மாதான கெடக்குது? குடுடி. நெல்லு இன்னும் கொஞ்சம் காய வெக்கணும், எங்க ஊட்டுப் பைல எடம் பத்தல."

"அக்கா! அத்தனை தடவ சொன்னேனே. விஷம்க்கா அது."

"அது நாயி. நக்கித் தின்னுச்சி, செத்துச்சி. நாங்க இன்னா பையவா திங்கப் போறோம்? நெல்லுதான காய வெக்கறோம். கழுவிக்கிறேன்டி."

இதற்குமேல் வாயால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. உள்ளே போய் என் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தேன். துணியைத் தவிர எதையும் தொடாத கத்திரிக்கோல். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, டிரம்மிலிருந்து பையை இழுத்து, தூள் பறக்காமலிருக்கத் தண்ணீரை ஊற்றி, முதலில் நாலு காதையும் வெட்டினேன். பிறகு நடுவில் பிளந்தேன். பிறகு நாடா நாடாவாக நறுக்கினேன். ஒருவரும் இனி விரிக்க முடியாதபடி நறுக்கிவிட்டு எல்லாவற்றையும் திரும்ப டிரம்முக்குள் போட்டேன். கத்திரிக்கோலின் வாய் மழுங்கிப்போயிருந்தது. அதையும் உள்ளேயே போட்டு மூடினேன்.

"பைத்தியமாடி உனக்கு? நல்லா கீற பையப் போயி..." என்று அக்கா வாயில் கை வைத்தாள். முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

கை கால் கழுவி, புடவை மாற்றி, மகளுக்கு முட்டை வேகவைத்து எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். உள்ளே இல்லை. கொல்லையில் இல்லை. வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டு வாசலில் வெள்ளைப் பைகளை விரித்து நெல் பரப்பியிருந்தது. ஈர நெல்லைக் கிளறிவிட அக்கா பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறாள், எங்கள் ஊரில் எப்போதும் கூப்பிடுவதுதான். என் மகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலால் நெல்லைக் கோடு கோடாகத் தள்ளிக்கொண்டு போனாள். குனிந்து ஒரு பிடி நெல்லை அள்ளி, கையாலேயே உமியை நிமிண்டி அரிசியை வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் அவள் பெயரைச் சொல்லி அலறினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

"இரும்மா" என்றாள் அவள், மென்றுகொண்டே. "இந்த ஓரம் மட்டும் கெளறிட்டு வரேன்."